முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறான்

எல் காரிசால், சொனோரா
9 பிப்ரவரி 1997

அன்புள்ள லிப்ராதா அக்காவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் நானும் சாயோவும் உன் மகன் ராமிரோவும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறாய் என்று சாயோ தினமும் புலம்புகிறாள். அந்த லாண்டரிக்காரன் ஒரு ஸ்டூல்கூடப் போடமாட்டானா? ஃபீனிக்ஸில் நாற்காலிக்குப் பஞ்சமா?

நம் 'எல்லைச் சேவல்கள்' குழுவின் கேசட் வெளியே வந்துவிட்டது. எர்மோசியோவுக்குப் போய்ப் பதிவு செய்தோம். கபோர்க்கா பஸ் நிலையத்தில் பெல்ட், தொப்பி, பேட்டரி விற்கிறவன் இப்போது எங்கள் முகத்தையும் சேர்த்து விற்கிறான். திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் லாரிகளில் காலையில் எங்கள் பாட்டுதான் ஓடுகிறது. என் அக்கார்டியனைவிட உன் மகனுடைய பேஸ் கிதாரைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நீ அவனை என்னிடம் விட்டுப்போனபோது எட்டு வயது. இப்போது வாசற்படியில் குனிந்துதான் வீட்டுக்குள் வருகிறான்.

வாயும் வளர்ந்திருக்கிறது. போன வாரம் ஒரு கல்யாணத்தில் தெற்கத்திக்காரர் ஒருவர் வந்து, அவர்கள் ஊர் ஆட்டப்பாட்டு வாசிக்கச் சொன்னார். ராமிரோ, "மன்னிக்கணும் ஐயா, இது சொனோரா. இங்க ரெண்டே தாளம்தான். குதிரை நடக்கிறது ஒண்ணு, குதிரை ஓடுறது ஒண்ணு," என்றான். அந்த மனிதரே சிரித்துவிட்டு பீர் வாங்கிக் கொடுத்தார்.

இன்னொரு செய்தி. தோன் ஃபவுஸ்தோ மோங்கே ஆளனுப்பியிருந்தார். ஏப்ரலில் அவருக்குப் பிறந்தநாளாம். அவரைப் பற்றி ஒரு கொரிதோ எழுத வேண்டுமாம். வீரனுக்கும் கொள்ளைக்காரனுக்கும் கதைப்பாட்டு எழுதுகிறோம், அவருக்கு எழுதினால் என்ன? இந்தப் பக்கத்துக் கிணறுகளில் பாதி அவருடையது. ராத்திரியில் எல்லை தாண்டும் மற்ற தொழிலைப் பற்றி நான் எழுதித்தான் உனக்குத் தெரிய வேண்டுமென்பதில்லை.

ஒன்று மறந்துவிட்டேன். இனி கடைக்குப் போன் பண்ணாதே. ஊரில் போன் இருக்கும் அந்த ஒரே கடை இப்போது தோன் ஃபவுஸ்தோவின் தங்கை கையில். நீ அங்கே பேசுவதை இங்கே சர்க்கரை வாங்க வந்தவனெல்லாம் கேட்டுவிட்டு வந்து எனக்குச் சொல்கிறான்.

சாயோ உனக்கு நூறு முத்தம் எழுதச் சொல்கிறாள்.

உன் தம்பி,
எவெரார்தோ


ஃபீனிக்ஸ், அரிசோனா
2 மார்ச் 1997

என் அருமைத் தம்பி எவெரார்தோ,

உன் கடிதமும் கேசட்டும் சேதமில்லாமல் வந்தன. நான் நலம். நீ விசாரித்ததாக முழங்காலிடம் சொன்னேன், அது பதில் சொல்லவில்லை.

கேசட்டை லாண்டரியில் போட்டேன். இங்கே ஓட்டல் படுக்கை விரிப்புகளை மடிக்கும் மேசையில் நாங்கள் ஆறு பெண்கள். என்னோடு எதிர்முனை பிடிக்கிறவள் கொன்சா, ஹலிஸ்கோக்காரி. அவள் சொன்னாள்: "உங்க ஊர்ல மாட்டுக்கறியும் தூசியும்தானே இருக்கு, பாட்டு எங்கேர்ந்து வந்துச்சு?" நான் விடுவேனா? "உங்க ஊர்ல எல்லாம் இருந்துமா இங்க வந்து துணி மடிக்கிற?" என்றேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் அவளே கேசட்டைத் திருப்பிப் போட்டாள்.

என் பிள்ளையின் பேஸ் சத்தத்தை நான் கண்டுகொண்டேன். மெஷின் இரைச்சலுக்கு நடுவிலும் அது தரை வழியாக வந்தது.

தோன் ஃபவுஸ்தோ விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. உன்னால் மறுக்க முடியாது என்று தெரியும். எழுது, ஆனால் அவரைப் பற்றி மட்டும் எழுது. வேறொருவனை இழுக்காதே. ராமிரோவை முன்வரிசையில் நிற்கவைக்காதே. இரவல் வாங்கியாவது அவனுக்குப் பெரிய தொப்பி ஒன்று போட்டு முகத்தை மறைத்துவிடு.

அவன் வெயிலில் நன்றாக நடப்பானா? சும்மாதான் கேட்டேன். இங்கே வளர்கிற பிள்ளைகள் தெருமுனைக்குக்கூடக் காரில் போகிறார்கள்.

சாயோவுக்கு என் அன்பு. அவள் கையால் போட்ட அகலமான தொர்த்தியா ரொட்டி கனவில் வருகிறது.

உன் அக்கா,
லிப்ராதா


எல் காரிசால்
21 ஏப்ரல் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறோம். சாயோவுக்கு மட்டும் லேசாக இருமல், தூசிக் காற்று.

பிறந்தநாள் முடிந்தது. கன்றுகளைக் கருவேல விறகில் சுட்டார்கள். நீ இருக்கும் பக்கத்திலிருந்தும் பலர் வந்திருந்தார்கள், அங்கேயே பிறந்த பிள்ளைகள். தொப்பி நம்முடையதைவிடப் பெரிது, காலணி நம்முடையதைவிடக் கூர்மை. ஒருவனும் குதிரைமேல் ஏறியதில்லை. ஆனால் சொனோரா என்று யாராவது சொன்னால் நம்மைவிடச் சத்தமாகக் கத்துகிறார்கள்.

பாட்டைப் பாடினோம். தோன் ஃபவுஸ்தோவுக்குப் பிடித்திருந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எவெரார்தோ, நல்லாத்தான் இருக்கு. ஆனா செமாவைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே?"

"செமா ஊரை விட்டே போயிட்டாரே, தோன்."

"ஏன் போனான்னு ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா? அவன் சொனோராக்காரனே இல்லைன்னு போடு. பொம்பளை மாதிரி அழுதுகிட்டே ஓடினான்னு போடு."

"இப்பவேவா?"

"ஏன், உனக்கு வேற வேலை இருக்கா?"

செமா ஏன் போனார் என்று உனக்குத் தெரியும். கிணற்றை விற்க மாட்டேன் என்றவருக்குக் கிணறே இல்லாமல் போனது. ராமிரோவுக்கு அந்த பேஸ் கிதாரை வாங்கித் தந்தவரும் அவர்தான். நான் என்ன செய்ய? கறி வைத்த காகிதத் தட்டின் பின்னால் நாலு வரி எழுதினேன். மறுபடி பாடினோம். அந்த நாலு வரி வந்ததும் உன் மகன் கையை எடுத்துவிட்டான். பேஸ் இல்லாமல் அக்கார்டியன் மட்டும் தனியாகத் தள்ளாடியது. குடித்துக்கொண்டிருந்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

தோன் ஃபவுஸ்தோ பாட்டு முடிந்ததும் கிட்டே வந்தார். "என்ன தம்பி, விரல் தூங்கிப்போச்சா?"

"விரல் முழிச்சுத்தான் இருக்கு, தோன். காதுதான் கூசுது."

சிலர் சிரித்தார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள். தோன் ஃபவுஸ்தோவும் சிரித்தார். விளையாட்டாக அவன் காதைப் பிடித்துத் திருகினார். கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் நான் அவனுக்குப் புத்தி சொன்னேன். நீ கவலைப்படாதே. மழைக்குப் பின் தூசி அடங்குவதுபோல் எல்லாம் அடங்கிவிடும்.

உன் தம்பி,
எவெரார்தோ


ஃபீனிக்ஸ்
6 மே 1997

அன்புத் தம்பி எவெரார்தோ,

நான் நலம். சாயோவின் இருமலுக்குத் தேனும் எலுமிச்சையும் கொடு, கடை மருந்து வேண்டாம்.

ராமிரோ எனக்குத் தனியாக எழுதியிருக்கிறான். நீ எப்படிப் புத்தி சொன்னாய் என்று அவன் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. பஸ் டிரைவர் நாசாரியோ சொன்னார், பிள்ளையின் கன்னம் ரெண்டு நாள் வீங்கியிருந்ததாம்.

எவெரார்தோ, அவனை வளர்த்தது நீ. அடிக்க உனக்கு உரிமை இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நாலு வரிக்காக அவனை அடித்திருக்கிறாய்.

கொஞ்ச நாள் அவனைக் குழுவில் சேர்க்காதே. வீட்டிலேயே வைத்துக்கொள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். எதை என்று கேட்காதே.

சாயோவைக் கட்டியணைத்து,
லிப்ராதா


எல் காரிசால்
25 மே 1997

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம். இருமல் போய்விட்டது.

நீ எழுதியதைப் படித்தேன். நானும் ராமிரோவும் இப்போது பேசிக்கொள்கிறோம், உப்பு எடு, கதவைச் சாத்து என்கிற அளவில்.

தோன் ஃபவுஸ்தோவின் ஆட்கள் ரெண்டு முறை வந்தார்கள். "காது கூசுற பையன் எங்கே?" என்று கேட்டார்கள். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

வெயில் ஏறிவிட்டது. தூண்கள்ளி பூத்துக் காய்க்கத் தொடங்கிவிட்டது. நாய் நாள் முழுக்கத் தொட்டியடியிலேயே கிடக்கிறது. சாயோ உலர்ந்த இறைச்சி கட்டி நாசாரியோவிடம் கொடுத்திருக்கிறாள். முட்டையோடு வதக்கிச் சாப்பிடு. அந்த ஹலிஸ்கோக்காரிக்கும் கொடு, வாயை மூடுவாள்.

உன் தம்பி,
எவெரார்தோ


ஃபீனிக்ஸ்
14 ஜூன் 1997
நாசாரியோ கையில்

தம்பி,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

ராமிரோ வீட்டில் இருக்கிறானா? இது ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதி நாசாரியோவிடமே கொடுத்தனுப்பு. தபாலில் போடாதே. காரணம் கேட்காதே.

பொறுக்கமாட்டாமல் கடைக்குப் போன் பண்ணினேன். அந்த அம்மாள், "எந்த ராமிரோ? காது கூசுறவனா?" என்றாள். வைத்துவிட்டேன்.

இருக்கிறான் என்றால் இருக்கிறான் என்று எழுது. போதும்.

லிப்ராதா


எல் காரிசால்
17 ஜூன் 1997
நாசாரியோ கையில்

அன்புள்ள அக்கா,

நாங்கள் எல்லோரும் நலம். நீ ஏன் இப்படிப் பதறுகிறாய்? நாசாரியோ உன் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய் வந்திருக்கிறார்.

ராமிரோ இருக்கிறான். முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறான். பேஸுக்குத் தந்தி மாற்றிக்கொண்டிருக்கிறான். அம்மா கேட்டாங்கடா என்றேன், தலையை ஆட்டினான். உனக்குத்தான் தெரியுமே, அவனுக்குக் கடிதம் எழுதச் சோம்பல். நாசாரியோ வண்டியைக் கிளப்ப நிற்கிறார், அதனால் இவ்வளவுதான்.

நிம்மதியாகத் தூங்கு.

எவெரார்தோ


ஃபீனிக்ஸ்
22 ஜூன் 1997

என் கண்ணான தம்பி எவெரார்தோ,

நான் நலம், நலம், நலம். எட்டு நாளைக்குப் பிறகு நேற்று ஒரு வாய் சோறு இறங்கியது. உன் கடிதத்தைக் கொன்சாவுக்குப் படித்துக்காட்டினேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நல்லவள்தான், ஊர்தான் சரியில்லை.

இனி மறைக்க என்ன இருக்கிறது? சொல்கிறேன், திட்டாதே. ராமிரோவை இங்கே வரவழைக்க ஏற்பாடு செய்தது நான்தான். மார்ச்சிலேயே யோசனை இருந்தது, காதைப் பிடித்தவர் அடுத்து எதைப் பிடிப்பாரோ என்று பயந்து முடிவு செய்தேன். எல்லையோரச் சொனோய்த்தாவில் ஆட்களைத் தாண்டவைக்கிற ஒருவனைப் போனில் பிடித்துப் பேசி முடித்தேன். இப்போதெல்லாம் நகரத்துப் பக்கமாகத் தாண்டவே முடியவில்லையாம், வேலியும் விளக்கும் போட்டுவிட்டார்களாம். அதனால் பாலைவனம் வழியாகத்தான் என்றான். ரெண்டு பகல், ரெண்டு இரவு நடை என்றான். மாமாவிடம் சொல்லாதே, தடுப்பார் என்று நான்தான் பிள்ளைக்கு எழுதினேன். ஜூன் தொடக்கத்தில் வந்து சேர வேண்டும். வரவில்லை.

அந்த ஆளை மறுபடி போனில் தேடிப் பிடித்துக் கேட்டேன். "உங்க பையன் வரவே இல்லம்மா. கடைசி நேரத்துல பயந்து வீட்டுக்குத் திரும்பியிருப்பான்," என்றான். நம்பவா, வேண்டாமா? இங்கே தேவாலயத்தில் சிலர் இருக்கிறார்கள். தண்ணீர்க் கேன்களை ஏற்றிக்கொண்டு, எல்லைப் பக்கம் இறங்கித் தேடிப் பார்க்கிறோம் என்று சொன்னார்கள். வண்டியும் தயார். அந்த நேரத்தில்தான் நாசாரியோ உன் கடிதத்தோடு வந்தார்.

நான் ஓடிப்போய் அவர்களிடம் சொன்னேன்: "வேண்டாம், போக வேண்டாம். என் பிள்ளை வீட்டு முற்றத்துல உட்கார்ந்திருக்கான்." அவர்கள் என்னைவிடச் சந்தோஷப்பட்டார்கள். கேன்களை இறக்கி வைத்தார்கள்.

அவன் பயந்து திரும்பியதைக் கேலி செய்யாதே. சாயோவிடமும் சொல்லிவை. பயந்ததால்தான் எனக்குப் பிள்ளை இருக்கிறான். அவன் இங்கே வரவே வேண்டாம். தோன் ஃபவுஸ்தோவிடம் நீ மன்னிப்புக் கேள், இன்னும் பத்து வரிகூட எழுதிக் கொடு, எனக்கு ஆட்சேபம் இல்லை.

தபாலில்தான் போடுகிறேன். இனி அவசரம் எதுவும் இல்லை.

உன் அக்கா,
லிப்ராதா


எல் காரிசால்
20 ஜூலை 1997

மரியாதைக்குரிய லிப்ராதா அண்ணிக்கு,

சாயோ எழுதுவது. எனக்கு எழுத்து சரியாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நலமா என்று கேட்கக் கை ஓடவில்லை.

உங்கள் கடிதம் இந்த மாதம் எட்டாம் தேதி வந்தது. அவர் அதை வாசலிலேயே நின்று படித்தார். பிறகு உள்ளே வராமலே போய்விட்டார். சொனோய்த்தாவில் இருக்கிறார். அங்கிருந்து ரெண்டு முறை ஆள் மூலம் சொல்லியனுப்பினார், இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்று.

அண்ணி, ராமிரோ முற்றத்தில் இல்லை. அந்தக் கடிதம் எழுதிய அன்றைக்கும் இல்லை. ஜூன் தொடங்கியதும் போய்விட்டான். பெனாஸ்கோவில் இறால் படகில் வேலை கிடைத்திருக்கிறது என்றுதான் எங்களிடம் சொன்னான். இவர் நம்பினார். மாமன் மேல் கோபம், கொஞ்ச நாள் கடல் காற்று வாங்கிவிட்டு வரட்டும் என்றார். அந்த மாதத்தில் இறால் படகு எதுவும் கடலுக்குப் போகாது, அரசாங்கமே தடுத்திருக்கும். இந்த ஊரில் பிறந்த எங்களுக்கு அது தெரியாதா? ஆனால் யாருக்கும் தோன்றவில்லை.

நீங்கள் இருக்கிறானா என்று கேட்டபோது, நான் சொன்னேன், உண்மையை எழுதிவிடுங்கள் என்று. "அக்கா அங்க தனியா கிடந்து தவிப்பா, சாயோ. ஒரு வாரத்துல பையன் வந்துடுவான். அப்புறம் எழுதினது உண்மையாயிடும்," என்றார். கடிதத்தை மடித்து உறையில் வைத்துக் கொடுத்தது நான்தான். நாசாரியோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

போகிற அன்று ராமிரோ என்னிடம் இரண்டு தொர்த்தியா கூடக் கேட்டான். படகில் சாப்பாடு சரியிருக்காது என்றான். நான் கட்டிக் கொடுத்தேன்.

உங்கள்
சாயோ


ஃபீனிக்ஸ்
10 ஆகஸ்ட் 1997

சாயோவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ தேனையும் எலுமிச்சையையும் நிறுத்தாதே, பருவம் மாறும்போது இருமல் திரும்ப வரும்.

தேவாலயத்துக்காரர்கள் போனார்கள். நான் போக முடியாது, வழியில் சோதனைச் சாவடி இருக்கிறது, பிடித்தால் அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்கள், பிறகு இங்கிருந்து தேட யார் இருப்பார்கள்? மூன்று சனிக்கிழமை போனார்கள். இதற்குள் மழை பெய்து எல்லா ஓடையும் ஓடி, மணல் புதிதாகிவிட்டதாம். ஒரு சட்டையைக் கொண்டுவந்து காட்டினார்கள். அவனுடையது இல்லை. வேறொரு தாயின் பிள்ளையுடையது.

உன் மேல் எனக்குக் கோபமில்லை. உன் கணவனுக்கு நான் தனியாக எழுதவில்லை. இதையே அவனும் படிக்கட்டும்.

லிப்ராதா


எல் காரிசால்
19 அக்டோபர் 1997

அக்கா,

சாயோ நலம். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். உன் முழங்காலை விசாரிக்கச் சொன்னாள்.

செப்டம்பர் கடைசி வரை சொனோய்த்தாவில் இருந்தேன். அந்த ஆள் அகப்படவில்லை. ஆனால் ராமிரோவோடு நடந்த ஒருவரைக் கண்டுபிடித்தேன். ஒவாஹாக்காரர், அந்தப் பக்கம் பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர். செங்கல் சூளையில் வேலை செய்துகொண்டிருந்தார். அவர் சொன்னதைச் சொல்கிறேன்.

முதல் நாள் ராமிரோ எல்லோரையும் சிரிக்க வைத்தானாம். மூன்றாம் நாள் நடக்க முடியவில்லையாம். ஒரு இரும்புமரத்தின் நிழலில் உட்கார்ந்துகொண்டானாம். கூட்டிப்போனவன் தண்ணீர் கொஞ்சம் வைத்துவிட்டு, "இங்கயே இரு, உங்க அம்மாகிட்ட சொல்லி ஆள் அனுப்புறேன்," என்றானாம். ராமிரோ பயப்படவே இல்லையாம். மற்றவர்கள் கிளம்பும்போது, "நீங்க போங்க, எங்க அம்மா எப்படியும் ஆள் அனுப்பிடுவாங்க," என்று அவனே அவர்களுக்குத் தைரியம் சொன்னானாம். நம்பிக்கையோடுதான் இருந்திருக்கிறான். உனக்கு ஆறுதலாக இருக்குமென்று எழுதுகிறேன்.

அந்த மரத்தை அவருக்கு அடையாளம் சொல்லத் தெரியவில்லை. அங்கே எல்லாம் அதே மரம்தான்.

இன்னொன்றையும் நீ என்னிடமிருந்துதான் கேட்க வேண்டும். கபோர்க்காவில் வேறொரு குழு ராமிரோவைப் பற்றி ஒரு கொரிதோ போட்டிருக்கிறது. எங்கள் கேசட்டைவிட அதிகம் விற்கிறது. எதுவும் தெரியாமல் எழுதியிருக்கிறார்கள். ஒரு செல்வந்தரின் விருந்தில் பொய் பாட மறுத்தானாம், குதிரையில் ஏறி எல்லையை நோக்கிப் போகும்போது சுட்டுவிட்டார்களாம்.

ஒரே தோட்டா, ஒரு சொல்லும் இல்லை,
சொந்த மண்ணில் சாய்ந்தான் ராமிரோ;
குதிரை மட்டும் வீடு திரும்ப
கதவைத் திறந்து நின்றாள் தாய்.

ராமிரோவுக்குக் குதிரையே கிடையாது. தோன் ஃபவுஸ்தோவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அந்தச் செல்வந்தர் தான்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறார். "நான் சுடவே இல்லை, ஆனா பாட்டு நல்லா இருக்கு, இருக்கட்டும்," என்கிறார். போகிற இடமெல்லாம் அதைப் பாடச் சொல்கிறார்.

எங்களிடமும் கேட்கிறார்கள். போன சனிக்கிழமை ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பாவே வந்து, "நீங்க அவன் மாமன், நீங்க வாசிச்சாத்தான் பொருத்தம். நம்ம சொனோரா வீரன் பாட்டு," என்றார். மாட்டேன் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். கூச்சப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். வாசித்தேன், அக்கா. விரல்கள் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

நடந்ததை நடந்தபடி நான் ஒரு பாட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். இரும்புமரம், வெயில், தண்ணீர்க் கேன், என் கடிதம், எல்லாம். ஜனங்கள் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? நீ சரி என்றால் முடிக்கிறேன்.

எவெரார்தோ


ஃபீனிக்ஸ்
7 டிசம்பர் 1997

எவெரார்தோவுக்கு,

முழங்கால் அப்படியே இருக்கிறது. ஸ்டூல் போட்டிருக்கிறார்கள்.

உன் கடிதத்தைப் படித்தேன். ராமிரோ அவர்களுக்குத் தைரியம் சொன்னதாக எழுதியிருந்தாயே, அந்த வரியை இனி எனக்கு எழுதாதே. வேறு யாரிடமும் சொல்லாதே. சாயோவிடமும்.

பாட்டு உன் கடிதத்துக்கு முன்பே இங்கே வந்துவிட்டது. மத்தியானத்தில் ரேடியோவில் போடுகிறார்கள். முதல் முறை கேட்டபோது பெயரைக் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். கொன்சா சத்தத்தைக் கூட்டினாள். "லிப்ராதா, உங்க ஊர்ப் பாட்டு! உன் பையன் பேரேதான். கேளு, கேளு." கடைசி வரி வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தத் தாய் பாவம்டி. இப்படி ஒருத்தன் நெசமாவே உங்க ஊர்ல இருந்தானா?"

"தெரியலை. நான் வந்து ரொம்ப வருஷம் ஆச்சு," என்றேன்.

அவளுக்கு நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை என் பிள்ளை முற்றத்தில் இருக்கிறான். போன வாரம்கூட, பேஸுக்குத் தந்தி மாற்றினானா என்று கேட்டாள்.

இங்கே பையன்கள் வண்டியின் பின் கண்ணாடியில் அவன் பெயரை எழுதி ஓட்டுகிறார்கள். பெயருக்குக் கீழே சொனோரா என்று பெரிதாக. சிவப்பு விளக்கில் ஒரு வண்டிக்குப் பின்னால் என் பஸ் நின்றது. பச்சை விழும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருந்தான்.

நீ தொடங்கிய பாட்டைக் கிழித்துப் போடு. உண்மை என்று அதில் நீ வைத்திருப்பதெல்லாம் எனக்குத் தெரியும், அதை ராகத்தோடு வேறு கேட்க வேண்டுமா?

அவர்களுடைய பாட்டே இருக்கட்டும். தினமும் மத்தியானம் அது வரும்போது நான் விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அதில் அவனுக்குக் குதிரை இருக்கிறது. ஒரே தோட்டாவில் முடிந்துவிடுகிறது. அவனுக்குத் தாகம் எடுக்கவில்லை. யாராவது வருவார்கள் என்று உட்கார்ந்திருக்கவில்லை. நான் கதவைத் திறந்து நிற்கிறேன்.

இனி உன்னிடம் யாராவது கேட்டால் மறுக்காதே, வாசி. மெதுவாக இழுத்து வாசிக்காதே. அவர்கள் வாசிக்கிற வேகத்திலேயே வாசி.

சாயோவை விசாரித்ததாகச் சொல்.

லிப்ராதா